வினையூக்கி மாறாது என்றால் உர ஆலைகளில் அதை ஏன் மாற்றுகிறார்கள்?

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வினையூக்கி வினையில் பங்கெடுக்காது, வினை முடிந்த பிறகும் அப்படியே இருக்கும் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். பங்கெடுக்காத ஒன்று எப்படி வேகத்தைக் கூட்டும்? அப்படியே இருக்கும் என்றால் உர ஆலைகளில் ஏன் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புகிறார்கள்? தேர்வில் எதை எழுதுவது?" கேள்வி மூன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சந்தேகம் ஒன்றுதான். அந்தத் திடப்பொருளின் மேல் வாயு மூலக்கூறு போய் உட்காரும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று யாரும் இவருக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டால் மூன்றுக்கும் பதில் வந்துவிடும்.

நான் வேதிப் பொறியாளர். வேலை பார்த்த காலத்தின் பெரும்பகுதி, உரத்துக்கு மூலப்பொருளான அமோனியாவைத் தயாரிக்கும் ஆலைகளில் போனது. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த இரும்பையும் அமோனியாவையும் வைத்தே விளக்குகிறேன். ஆலை சார்ந்த விஷயங்கள் என் கண்ணால் பார்த்தவை. வெற்றிடக் கலங்களில் தனிப் படிகங்களை வைத்துச் செய்த ஆய்வுகளை நான் செய்ததில்லை, படித்தே அறிந்தேன். அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பங்கெடுக்காது என்ற வாக்கியத்தை முதலில் மறந்துவிடுங்கள். வினையூக்கி முழுமையாகப் பங்கெடுக்கிறது. வினைபடும் மூலக்கூறோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. இதில் அறிவியலாளர்களுக்குள் கருத்து வேறுபாடு எதுவும் கிடையாது.

நைட்ரஜன் நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறது. காற்றில் 78 சதவீதம் அதுதான். ஹைட்ரஜனோடு சேர்த்து ஒரு குடுவையில் அடைத்து வைத்தால், அறை வெப்பநிலையில் இரண்டும் அமோனியா ஆவதுதான் ஆற்றல் கணக்குப்படி சாதகமானது. ஆனால் எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையே இருக்கும் மும்மைப் பிணைப்புதான் தடை. அதை முழுதாக உடைக்க ஒரு மோலுக்குச் சுமார் 945 கிலோஜூல் வேண்டும். சரி, நன்றாகச் சூடேற்றி உடைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இது வெப்பம் உமிழும் வினை என்பதால் சூடு ஏற ஏறச் சமநிலை அமோனியாவுக்கு எதிராகச் சாய்கிறது. பிணைப்பு உடையும் சூட்டில் அமோனியா நிலைக்காது, அமோனியா நிலைக்கும் சூட்டில் பிணைப்பு உடையாது.

1909-இல் கார்ல்ஸ்ரூவேயில் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆஸ்மியம் உலோகத்தை வினையூக்கியாக வைத்து, உயர் அழுத்தத்தில் அமோனியாவைத் தொடர்ந்து சொட்டவைத்துக் காட்டியபோதுதான் இதற்கு வழி பிறந்தது. இந்த இடத்தில் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுவார்கள். வினையூக்கியால் சமநிலையை நகர்த்த முடியாது. முன்னோக்கிய வினை, பின்னோக்கிய வினை இரண்டையும் அது சேர்த்தே வேகப்படுத்துகிறது. அதனால் கிடைக்கும் லாபம், குறைந்த சூட்டிலும் சமநிலையை நோக்கி நியாயமான நேரத்தில் போக முடிவதுதான். அழுத்தத்தின் வேலை வேறு. நான்கு மூலக்கூறுகள் இரண்டாகக் குறையும் வினை இது, ஆகவே அழுத்தினால் அமோனியா பக்கம் சாயும். இவ்வளவு செய்தும், ஒருமுறை கன்வர்ட்டரை, அதாவது வினையூக்கி நிரப்பிய வினைக்கலனை, கடந்து வெளியே வரும் வாயுவில் அமோனியா பெரும்பாலும் 15 முதல் 20 சதவீதம்தான் இருக்கும். அதைக் குளிர்வித்துப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்ச வாயுவை மறுபடி உள்ளே அனுப்புவோம்.

இனி இரும்பின் மேல் நடப்பதைப் பார்ப்போம். கன்வர்ட்டருக்குள் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் சூடு, 100 வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தம். ஹைட்ரஜன் மூலக்கூறு இரும்பைத் தொட்டதும் எளிதாக இரண்டு அணுக்களாகப் பிரிந்து பரப்பில் ஒட்டிக்கொள்ளும். நைட்ரஜன் அப்படி இல்லை. முதலில் அது பரப்பின் மேல் ஒரு முனையால் ஒட்டிச் செங்குத்தாக நிற்கிறது. பிறகு படுத்த நிலைக்கு வருகிறது. அப்போது இரும்பின் எலக்ட்ரான்கள் நைட்ரஜனின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டல்களுக்குள், அதாவது எலக்ட்ரான் நுழைந்தால் பிணைப்பைத் தளர்த்தும் இடங்களுக்குள், புகுகின்றன. அவை நிரம்ப நிரம்ப மும்மைப் பிணைப்பு தளர்கிறது. கடைசியில் இரண்டு அணுக்களும் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே இரும்போடு பிணைந்துகொள்கிறது. நைட்ரஜன்–நைட்ரஜன் பிணைப்பு போனதால் ஏற்படும் இழப்பை, புதிதாக உருவாகும் இரும்பு–நைட்ரஜன் பிணைப்புகள் ஈடுகட்டுகின்றன. அதனால்தான் 945 கிலோஜூல் மலையை நேராக ஏற வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. உங்கள் புத்தகத்தில் கிளர்வு ஆற்றல் குறைகிறது என்று ஒரு வளைகோடு வரைந்திருப்பார்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பொருள் இதுதான்.

அதன் பிறகு பரப்பில் இருக்கும் நைட்ரஜன் அணுவோடு ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. மூன்றாவது சேர்ந்ததும் அது அமோனியா. பரப்பை விட்டுக் கிளம்பிப் போய்விடும். அது இருந்த இடம் மறுபடி வெற்று இரும்பாகிறது, அடுத்த நைட்ரஜன் வந்து உட்காரலாம். "மாறாமல் இருக்கிறது" என்ற வாக்கியம் இந்த ஒரு சுற்றைப் பற்றியது. சுற்றுக்கு நடுவே இரும்பு மாறித்தான் இருந்தது. சுற்று முடிந்ததும் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

இதை எப்படி நம்புவது? நைட்ரஜனில் நிறை 14, நிறை 15 என இரண்டு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. இரண்டும் 14 ஆன மூலக்கூறுகளையும் இரண்டும் 15 ஆன மூலக்கூறுகளையும் கலந்து சூடான இரும்பு வினையூக்கியின் மேல் விட்டால், ஒரு 14-உம் ஒரு 15-உம் சேர்ந்த கலப்பு மூலக்கூறுகள் வெளியே வருகின்றன. பிணைப்பு உடையாமல் இது நடக்கவே முடியாது. இன்னும் நேரடியான சான்றுகளை மியூனிக்கில் கெர்ஹார்ட் எர்ட்லும் அவர் குழுவும் தந்தார்கள். மிகத் தூய இரும்புப் படிகத்தை உயர் வெற்றிடத்தில் வைத்து, பரப்பில் இருப்பது தனி நைட்ரஜன் அணுதான் என்றும், எல்லாப் படிகளிலும் மெதுவானது நைட்ரஜன் பிளவுதான் என்றும் படிப்படியாக நிறுவினார்கள். தூய இரும்பின் மேல் பத்து லட்சம் முறை மோதினால் ஏறக்குறைய ஒரு முறைதான் நைட்ரஜன் பிளந்து ஒட்டும். அவ்வளவு அரிதான நிகழ்ச்சியை அளந்து காட்டினார்கள். திடப் பரப்புகளின் மேல் நடக்கும் வேதி நிகழ்வுகளைப் பற்றிய ஆய்வுகளுக்காக 2007-இல் எர்ட்லுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியென்றால் எல்லா உலோகமும் ஏன் இந்த வேலையைச் செய்வதில்லை? இதற்குப் பொதுவான பதிலைப் பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே கொடுத்தார். நிக்கலை வைத்து ஹைட்ரஜனேற்றம் செய்ததற்காக 1912-இல் நோபல் பெற்றவர் அவர். தாவர எண்ணெயை வனஸ்பதியாக்கும் முறைக்கு வேர் அந்த வேலைதான். பரப்பு மூலக்கூறைப் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும் என்பது அவர் கருத்து. வழிப்போக்கர் உட்கார வீட்டுத் திண்ணை வேண்டும். ஆனால் வந்தவர் அங்கேயே குடியேறிவிட்டால் அடுத்தவருக்கு இடம் ஏது? மாலிப்டினம், டங்ஸ்டன் போன்றவை நைட்ரஜனை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. தாமிரமும் வெள்ளியும் அதைப் பிடிப்பதே இல்லை. இரும்பு, ருத்தீனியம், ஆஸ்மியம் இவற்றுக்கு நடுவே நிற்கின்றன. ஆஸ்மியம் உலகிலேயே மிகக் குறைவாகத்தான் கிடைக்கிறது. ருத்தீனியம் விலை அதிகம், சில ஆலைகளில் மட்டும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மற்ற எல்லோரும் இரும்புதான்.

ஆனால் வெறும் இரும்பு அல்ல. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஹேபரின் முறையை ஆலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு பாஸ்ஃப் (BASF) என்ற ஜெர்மன் வேதி நிறுவனத்தில் கார்ல் போஷுக்கு வந்தது. மலிவான வினையூக்கியைத் தேடும் வேலையை அவர் ஆல்வின் மிட்டாஷிடம் கொடுத்தார். தூய இரும்பைச் சோதித்தால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஸ்வீடனின் கெல்லிவாரே பகுதியிலிருந்து வந்த ஒரு காந்தக்கல் தாது, அதாவது மேக்னடைட், அருமையாக வேலை செய்தது. அதிலிருந்த கலப்புகள்தான் காரணம் என்று மிட்டாஷ் ஊகித்து, கலப்பை வேண்டுமென்றே சேர்த்துச் சோதிக்கத் தொடங்கினார். 1912-க்குள் ஏறத்தாழ 2,500 வினையூக்கிகளை வைத்து 6,500 சோதனைகள் செய்திருந்தார்கள். 1913-இல் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. இன்றும் நாங்கள் நிரப்புவது கிட்டத்தட்ட அதே கலவைதான்: மேக்னடைட், அதில் சில சதவீதம் அலுமினாவும் கால்சியம் ஆக்சைடும், ஒரு சதவீதம் அளவில் பொட்டாசியம் ஆக்சைடு.

மேக்னடைட்டோடு சேர்க்கும் இந்தக் கலப்புகளைப் புரமோட்டர், அதாவது உயர்த்தி, என்போம். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. கன்வர்ட்டரில் நிரப்பும்போது வினையூக்கி கறுப்புக் கற்துண்டு, இரும்பு ஆக்சைடு. ஹைட்ரஜன் கலந்த வாயுவைச் சூடாக்கிப் பல நாட்கள் மெதுவாகச் செலுத்தி அதிலிருக்கும் ஆக்சிஜனை நீராவியாக வெளியேற்றுவோம். துண்டின் வெளி அளவு குறையாது. ஆக்சிஜன் போன இடங்கள் எல்லாம் நுண்துளைகளாகிவிடும். ஒரு கிராம் துண்டுக்குள் பத்துச் சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு உருவாகும், அதாவது ஒரு சிறிய அறையின் தரை அளவு. இந்த வேலையில் அவசரப்படக் கூடாது. சூட்டை வேகமாக ஏற்றினால் நீராவி அதிகமாக எழும். அந்த நீராவி, அப்போதுதான் பிறந்த நுண்ணிய இரும்புப் படிகங்களை ஒன்றோடொன்று சேரவைத்துப் பெரிதாக்கிவிடும். அப்படிப் போன பரப்பு திரும்பி வராது. வெளியேறும் நீரின் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் சூட்டை ஏற்றுவோம். அலுமினாவின் வேலையும் இதைத் தடுப்பதுதான். படிகங்களுக்கு நடுவே நின்று அவை சேர்ந்துவிடாமல் காக்கிறது. பொட்டாசியம் பரப்பைப் பெருக்குவதில்லை. பரப்பின் குணத்தையே மாற்றுகிறது.

உள்ளே இருக்கும் இந்தப் பரப்பை அளப்பதற்குப் பாடப்புத்தகத்தில் வரும் புரூனவர், எம்மெட், டெல்லர் மூவரின் சமன்பாட்டைத்தான் பயன்படுத்துகிறோம். 1938-இல் வந்த அந்தச் சமன்பாட்டின் பின்னணியில் இருந்தது இதே அமோனியா இரும்பு வினையூக்கி பற்றிய ஆராய்ச்சிதான். திரவ நைட்ரஜனின் குளிரில் நைட்ரஜன் வேதிப் பிணைப்பு எதுவும் போடாமல் சும்மா படியும், எவ்வளவு படிகிறது என்பதிலிருந்து பரப்பைக் கணக்கிடலாம். அதே நைட்ரஜன், அதே இரும்பு, வெப்பநிலை மட்டும் வேறு. இயற்புறக் கவர்தலுக்கும் வேதிக் கவர்தலுக்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பரப்பு முழுவதும் வேலை செய்கிறது என்றும் நினைத்துவிட வேண்டாம். குறிப்பிட்ட சில இடங்கள் மட்டுமே வினையை நடத்தும் என்று ஹியூ டெய்லர் 1925-லேயே சொன்னார். பிற்காலத்தில் கபோர் சொமோர்ஜாயின் குழு பெர்க்லியில் இரும்புப் படிகத்தின் வெவ்வேறு முகப்புகளை வெட்டி அமோனியா தயாரித்துப் பார்த்தது. மிகச் சிறந்த முகப்பு, மிக மந்தமான முகப்பைவிட 400 மடங்குக்கும் மேல் வேகமாக இருந்தது. அணுக்கள் ஒரே இரும்பு, அடுக்கிய விதம் மட்டும் வேறு. 1999-இல் டென்மார்க்கில் ருத்தீனியத்தை வைத்து இன்னும் வியப்பான ஒன்றைச் செய்தார்கள். எவ்வளவு மெருகேற்றினாலும் படிகத்தின் பரப்பில் ஓர் அணு உயரப் படிகள் ஆங்காங்கே இருக்கும். பரப்பின் ஓரிரு சதவீதத்தை மட்டும் மூடும் அளவு தங்கத்தை ஆவியாக்கி அதன்மேல் படியவிட்டார்கள். தங்கம் அந்தப் படி விளிம்புகளில் போய் உட்கார்ந்தது. நைட்ரஜன் பிளவு கிட்டத்தட்ட நின்றேபோனது. விளிம்பில் நடக்கும் வேகம், சமதளத்தில் நடப்பதைவிட நூறு கோடி மடங்காவது அதிகம் என்று கணக்கிட்டார்கள்.

இது புரிந்தால் வினையூக்கி ஏன் சாகிறது என்பதும் புரிந்துவிடும். வேலை செய்யும் இடம் மிகச் சிறிய பங்கு என்றால், அதை அடைக்க மிகச் சிறிய அளவு நச்சு போதும். கந்தகம் இரும்போடு நைட்ரஜனைவிட இறுக்கமாகப் பிணையும். வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்காது. அதனால்தான் மூலப்பொருளான இயற்கை வாயுவோ நாப்தா என்ற பெட்ரோலிய எண்ணெயோ ஆலைக்குள் நுழைந்த உடனேயே துத்தநாக ஆக்சைடு படுகையில் கந்தகத்தைப் பிடித்துவிடுவோம். கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு, நீராவி போன்ற ஆக்சிஜன் உள்ளவை வேறு வகை. அவை கொண்டுவரும் ஆக்சிஜன் இரும்பைப் பிடிக்கும், ஆனால் தூய வாயு வந்ததும் ஹைட்ரஜன் அதை நீக்கிவிடும். பெரும்பாலும் திறன் திரும்பும். முழுதாகத் திரும்பாது, ஏனெனில் அப்படி ஆக்சைடாகித் திரும்பும் ஒவ்வொரு முறையும் படிகங்கள் சற்றுப் பெரிதாகின்றன. கன்வர்ட்டருக்குப் போகும் வாயுவில் இரண்டு கார்பன் ஆக்சைடுகளும் சேர்ந்து பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது ஆலைகளின் பொது விதி. கட்டுப்பாட்டு அறையில் அந்த அளவு கொஞ்சம் ஏறினாலே எல்லோர் முகமும் மாறிவிடும்.

நச்சே இல்லாவிட்டாலும் சூடு தன் வேலையைச் செய்யும். பல ஆண்டுகள் அந்தச் சூட்டில் கிடக்கும் நுண்படிகங்கள் மெல்ல மெல்ல ஒன்றுசேர்ந்து பெரிதாகும், பரப்பு குறையும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரும்பு வினையூக்கி பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஓடும். அதே ஆலையில், கார்பன் மோனாக்சைடை நீராவியோடு வினைபுரியவைக்கும் தாமிர வினையூக்கி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். தாமிரத் துகள்கள் இன்னும் குறைந்த சூட்டிலேயே சேர்ந்துவிடும், கந்தகமும் குளோரினும் அதை எளிதில் கெடுக்கும். இறுதியில் பழையதை எடுக்கும்போதும் கவனம் வேண்டும். ஆக்சிஜன் நீங்கிய அந்த நுண்துளை இரும்பைக் காற்றில் திறந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். முதலில் நைட்ரஜனில் மிகச் சிறிதளவு காற்றைக் கலந்து மெதுவாக மேல்தோலை ஆக்சைடாக்கிய பிறகே வெளியே எடுப்போம்.

நைட்ரிக் அமில ஆலைகளில் மாற்றம் கண்ணுக்கே தெரியும். அங்கே அமோனியாவை எரிக்கப் பிளாட்டினம்–ரோடியம் வலை வைப்பார்கள். புதிதாகப் போடும்போது கம்பி வழவழப்பாக இருக்கும். சில மாதங்களில் அது புடைத்துச் சொரசொரப்பாகிவிடும். பிளாட்டினத்தில் ஒரு பகுதி ஆக்சைடு ஆவியாகி வாயுவோடு போய்விடுவதால், அதைப் பிடிக்கவே கீழே பல்லேடியம் வலை விரிப்பார்கள்.

இதுவரை சொன்னவற்றில் அடிப்படைகள் உறுதியானவை. இனி, இன்னும் விவாதத்தில் இருப்பவை. எர்ட்லின் அளவீடுகள் உயர் வெற்றிடத்தில் நடந்தவை, ஆலையோ நூறு வளிமண்டலத்துக்கு மேல். அந்த இடைவெளி சிறியதல்ல. 1985-இல் ஸ்டோல்ட்சேயும் நோர்ஸ்கோவும் வெற்றிட அளவீடுகளை மட்டும் வைத்து ஆலையின் வேகத்தைக் கணக்கிட்டு, நல்ல பொருத்தம் கண்டார்கள். அதனால் மொத்தப் படம் சரி என்ற நம்பிக்கை வலுத்தது. ஆனால் எண்கள் பொருந்துவதால் மட்டும் பரப்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடாது. 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், அமோனியா உருவாகிக்கொண்டிருக்கும்போதே ஒரு பார் (ஏறக்குறைய ஒரு வளிமண்டலம்) அழுத்தம் வரை இரும்பின் பரப்பை எக்ஸ் கதிரால் பார்த்தார்கள். பரப்பு நைட்ரைடாக, அதாவது இரும்பு–நைட்ரஜன் சேர்மமாக, மாறாமல் உலோகமாகவே இருந்தது. சூடு குறைந்தால் படிகள் நிறைந்த இரும்பின் மேல் பாதி வழி வந்த நைட்ரஜன்–ஹைட்ரஜன் துணுக்குகள் நெருக்கமாகச் சேர்வதும் தெரிந்தது. அப்படியானால் குறைந்த சூட்டில் நைட்ரஜன் பிளவோடு, ஹைட்ரஜன் சேரும் படிகளும் வேகத்தைத் தீர்மானிக்கலாம். ஒரு பாரில் கண்டது நூறு பாரிலும் அப்படியே பொருந்துமா என்பது திறந்த கேள்வி.

பொட்டாசியத்தின் வேலையிலும் இரண்டு விளக்கங்கள் உண்டு. அது இரும்புக்கு எலக்ட்ரானைத் தந்து நைட்ரஜன் பிளவை எளிதாக்குகிறது என்பது ஒன்று. உருவான அமோனியாவின் பிடியைத் தளர்த்தி இடத்தைக் காலிசெய்ய உதவுகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சோதனைச் சான்றுகள் இருக்கின்றன. ஆலைச் சூழலில் எது முக்கியம் என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கிறது என்பது என் கணிப்பு, அவ்வளவுதான். அதேபோல, அந்தச் சூட்டில் இரும்பின் மேல் அணுக்கள் இடம்விட்டு இடம் நகர்ந்துகொண்டே இருப்பதால் வினை நடக்கும் இடங்களும் தோன்றித் தோன்றி மறைகின்றன என்று அண்மைக் கணினி ஆய்வுகள் சொல்கின்றன. அது உறுதியானால், நாம் வரையும் அசையாத அணு அடுக்குப் படங்களைத் திருத்த வேண்டியிருக்கும்.

தேர்வுக்கு வருவோம். "வினையூக்கி வினையில் பங்கேற்று, இடைநிலைப் பிணைப்புகளை உருவாக்கி, குறைந்த கிளர்வு ஆற்றல் கொண்ட வேறு பாதையைத் தருகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மீண்டும் உருவாகிறது" என்று எழுதுங்கள். நிறையும் வேதி இயைபும் மாறாது என்ற வரியைச் சேர்த்தால், இயற்பியல் நிலை மாறலாம் என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். ஹேபர் முறையில் மாலிப்டினம் ஓர் உயர்த்தி என்று உங்கள் பாடநூலில் இருந்தால் தேர்வில் அதையே எழுதலாம், மதிப்பெண் கிடைக்கும். இன்றைய ஆலைகளில் நிரப்புவது மேலே சொன்ன அலுமினா, கால்சியம், பொட்டாசியம் கலவைதான்.